துயரைத் தனியே சுமக்க வேண்டியதில்லை



2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. வேலையின்மையும் கடனும் அழுத்தும் உழைப்பாளியின் துயரைக் கோழைத்தனம் எனத் தூற்றுவது அநீதி. அதேவேளை, சமூகம் மாறும்வரை பொறுத்திரு என்று இன்று தவிப்பவரிடம் சொல்வதும் நமக்கு அழகன்று.

மனநலச் சிகிச்சை சலுகையன்று, உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். பல இந்திய மொழிகளில் அது இயங்குவதால், வேற்று மாநிலத்தில் பிழைப்பவரும் தம் மொழியிலேயே மனம் திறக்கலாம்.

ஆயினும் தொலைபேசி மருத்துவமனைக்கு ஈடாகாது. ஆரம்பச் சுகாதார நிலையம்வரை மனநல மருந்தும் ஆலோசகரும் வேண்டுமெனப் போராடுவோம். அதுவரை நம் கிளைகளுக்கும் பணியுண்டு. ஒருவர் வாடிக் கிடந்தால் அறிவுரை கூறாது செவிகொடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா எனத் தயங்காது கேளுங்கள். உண்டெனில் அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நிற்கும் நாம், துயரிலும் அவ்வாறே நிற்போம்.