மறைஞானத்துக்கு மாதச் சம்பளம்: நாஜி அரசும் அமானுஷ்ய நம்பிக்கையும்

நாஜிகளையும் மாந்திரீகத்தையும் சேர்த்துப் பேசினால் கூட்டம் சேரும். புனிதக் கிண்ணத்தைத் தேடும் ஹிட்லர், சூனியத்தால் உலகை ஆளப் பார்த்த ஹிம்லர் என்று சினிமாவும் மலிவுப் பதிப்புகளும் இந்தச் சரக்கை இன்றும் விற்றுவருகின்றன. 1960இல் பவெல்ஸும் பெர்ஜியேவும் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் இந்த வியாபாரத்தைச் சூடுபிடிக்க வைத்தது. 1985இல் நிக்கலஸ் குட்ரிக்-கிளார்க் என்ற ஆங்கிலேய வரலாற்றாளர் ஆவணங்களை வைத்துப் புரட்டையும் உண்மையையும் பிரித்துக் காட்டினார். சலித்தபின் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் கதைகளைவிடக் கொடியது. இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த மிச்சம்.

தொடக்கம் வியன்னாவில். கீடோ ஃபான் லிஸ்ட் என்ற எழுத்தாளர் 1902இல் கண்புரை அறுவை செய்துகொண்டு பல மாதம் பார்வையின்றிக் கிடந்தார். அப்போது பழைய ஜெர்மானியரின் ரூன் எழுத்துகள் தம்மிடம் பொருளை வெளிப்படுத்தியதாக அவர் சொன்னார். பதினெட்டு ரூன்களின் ரகசியம் 1908இல் நூலானது. கல்வெட்டு, மொழியியல் என்றெல்லாம் அவர் மெனக்கெடவில்லை, ஞானதிருஷ்டியே ஆதாரமாயிற்று.

அவரை அடுத்து வந்த லான்ஸ் ஃபான் லீபன்ஃபெல்ஸ், துறவி மடத்திலிருந்து 1899இல் வெளியேறியவர். ஆரியர் ஆதியில் தெய்வப் பிறவிகள், மின்னாற்றல் கொண்ட புலன்கள் அவர்களுக்கு இருந்தன, குரங்கினத்தோடு கலந்து அவற்றை இழந்தார்கள் என்பது அவருடைய 'ஆராய்ச்சி'. அதற்கு அவர் சொன்ன பரிகாரம் 'தாழ்ந்த' இனத்தாருக்குக் கருத்தடையும் அடிமை வேலையும். 'ஒஸ்டாரா' என்ற இதழை 1905இல் தொடங்கினார். 1907 கிறிஸ்துமஸில் தம் கோட்டையில் ஸ்வஸ்திகா கொடி ஏற்றினார். இருவர் பெயரிலும் உள்ள 'ஃபான்' பிரபுக் குடும்பத்து அடையாளம். லிஸ்டும் சரி, லான்ஸும் சரி, அதைத் தாங்களாகவே சூட்டிக்கொண்டவர்கள். ரத்தத் தூய்மை பேசியவர்களுக்குச் சொந்த வம்சாவளியே கற்பனையாக இருந்தது.

இவர்கள் கைமாற்று வாங்கிய இடங்களில் ஒன்றுக்குச் சென்னையில் முகவரி உண்டு. 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர் பிளாவட்ஸ்கி அம்மையார். மனிதகுலம் ஏழு மூல இனங்களாக வளர்கிறது, இப்போது நடப்பது ஐந்தாவதான ஆரிய இனத்தின் காலம் என்று 1888இல் அவர் எழுதினார். சபையின் முத்திரையிலும் ஸ்வஸ்திகா இருந்தது. ஆனால் சபையின் முதல் நோக்கம் இனம், சாதி, பால் பாராத சகோதரத்துவம். வியன்னாக்காரர்கள் அந்த நோக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இன வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் நாஜி அரசு இந்தச் சபையையே தடை செய்தது.

முதல் உலகப்போரின் தோல்வி இந்தப் பேச்சுகளுக்கு அரசியல் வாசலைத் திறந்தது. 1918இல் மியூனிக்கின் ஆடம்பர ஓட்டல் ஒன்றில் செபோட்டன்டார்ஃப் என்பவர் நடத்திய 'தூலே' சங்கத்தில் ரூன், ஜாதகம், யூத வெறுப்பு எல்லாம் ஒன்றாகப் புழங்கின. சங்க உறுப்பினர் ஹாரரும் பூட்டுத் தொழிலாளி டிரெக்ஸ்லரும் 1919 ஜனவரியில் தொடங்கிய சிறு கட்சிதான் பிறகு நாஜிக் கட்சியாயிற்று. செபோட்டன்டார்ஃப் வாங்கிய பத்திரிகை அக்கட்சியின் நாளேடாக மாறியது. ஆனாலும் ஹிட்லர் தூலே கூட்டங்களுக்குப் போனதற்குச் சான்றில்லை. ஹிட்லருக்கு முன்பே நாங்கள் இருந்தோம் என்று செபோட்டன்டார்ஃப் 1933இல் புத்தகம் போட்டார். புத்தகம் தடையாயிற்று, அவர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. தலைவருக்குக் குரு இருந்ததாகச் சொல்வது அந்த ஆட்சியில் ஆபத்தான வேலை.

ஹிட்லர் ரூன் சாமியார்களைக் கேலி செய்தவர். எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் அப்படியல்ல. பழைய ஜெர்மானியரின் நினைவுகள் தம் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்ன வீலிகுட் என்பவரைத் தம் படையில் சேர்த்து உயர்பதவி கொடுத்தார். படையின் மண்டையோட்டு மோதிரத்தில் வீலிகுட்டின் கைவண்ணம் உண்டு. 1924 முதல் 1927 வரை அவர் சால்ஸ்பர்க் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர் என்பது வெளியே தெரிந்ததும், 1939இல் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்களின் வழக்குகளைத் தேடித் தொகுக்கவும் ஹிம்லர் தனிப் பிரிவு வைத்தார். சுமார் 33,000 அட்டைகள் சேர்ந்தன. தேவாலயத்துக்கு எதிராகப் பயன்படும் என்பது அவர் கணக்கு.

1941 மே 10 அன்று, ஜோதிடத்தில் நம்பிக்கை கொண்ட ஹிட்லரின் கட்சித் துணைத்தலைவர் ஹெஸ் தனியாக விமானம் ஓட்டி ஸ்காட்லாந்துக்குப் பறந்தார். பழி ஜோசியர்கள் தலையில் விழுந்தது. ஜூனில் நாடெங்கும் கைது. முந்தைய ஆண்டு பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்காக நாஸ்ட்ரடாமஸின் ஆரூடங்களுக்கு உரை எழுதிக் கொடுத்த கிராஃப்ட் என்ற ஜோசியரும் அகப்பட்டார். 1945 ஜனவரியில் புகன்வால்ட் முகாமுக்குப் போகும் வழியில் இறந்தார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. கடல்வரைபடத்தின் மேல் ஊசல் ஆட்டி எதிரிக் கப்பலைத் தேடும் வேலையைக் கடற்படை நடத்தியதாக, பின்னாளில் ஹிம்லருக்கு ஜாதகம் பார்த்த வுல்ஃப் எழுதியிருக்கிறார். ஆக, அதிகாரத்துக்கு வெளியே இருக்கும் ஜோசியன்தான் குற்றவாளி.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. 1935இல் ஹிம்லர் தொடங்கிய 'அனெனெர்பே' என்ற மூதாதையர் ஆய்வு நிறுவனம் அப்படியல்ல. லிஸ்ட் தனியாளாகச் செய்ததை அது பட்டதாரிகளையும் நிதியையும் வைத்துச் செய்தது: முடிவு முதலில், சான்று பிறகு. 1938-39இல் ஹிம்லரின் ஆதரவோடு விலங்கியலாளர் ஷேஃபர் தலைமையில் திபெத் போன குழுவில் புரூனோ பெகர் என்ற மானிடவியலாளர் இருந்தார். ஆரியச் சுவடு தேடி 376 பேரின் தலையையும் முகத்தையும் அளந்து வந்தார்.

அதே பெகர் 1943இல் அவுஷ்விட்ஸ் சென்று, ஸ்ட்ராஸ்பர்க் உடற்கூறியல் பேராசிரியர் ஹிர்ட் திட்டமிட்ட எலும்புக்கூடுத் தொகுப்புக்காக யூதர்களைப் பொறுக்கினார். நாட்ஸ்வைலர் முகாமில் 86 பேர் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். சடலங்களில் பச்சை குத்தியிருந்த எண்களை ஸ்ட்ராஸ்பர்க் உடற்கூறியல் கூட உதவியாளர் ஆன்ரி ஆன்ரிபியேர் ரகசியமாகக் குறித்து வைத்தார். அந்த எண்களைக் கொண்டு ஹான்ஸ்-யோவாகிம் லாங் என்ற பத்திரிகையாளர் 86 பேரின் பெயர்களையும் கண்டுபிடித்து 2004இல் நூலாக வெளியிட்டார். அனெனெர்பே நிறுவனத்தின் நிர்வாகி சீவர்ஸ் 1948இல் தூக்கிலிடப்பட்டார். பெகருக்கு 1971இல் கொலைக்கு உடந்தை என்று மேற்கு ஜெர்மன் நீதிமன்றம் விதித்தது மூன்றாண்டுத் தண்டனை.