ரோமுக்குப் போற வழி தாலுகா ஆபீஸ்



போன மாசம் கேள்வி-பதில் எபிசோடுல, "அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரோம் போகலாம்னு இருக்கேன்"னு போற போக்குல ஒரு வரி சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிப் பேர் கேட்டது எத்தனை நாள், எவ்வளவு செலவு, எதை எல்லாம் பார்க்கணும்னு. மீதிப் பேர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அம்மாவுக்கு விசா எப்படி வாங்குவீங்க?" இவங்கதான் விவரம் தெரிஞ்சவங்க.

நான் சென்னையில வேலை பார்க்குறேன். அம்மா வாடிப்பட்டியில. ஒண்ணரை ஏக்கர் நெல், ரெண்டு மாடு, பால் சொசைட்டிக்குப் பால். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அம்மா இதுவரைக்கும் விமானத்துல ஏறினதில்ல. ரோம் ஆசை எங்க இருந்து வந்துச்சுன்னா, 2022 மே மாசம் தேவசகாயம் பிள்ளைக்கு வாட்டிகன்ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க இல்லையா, அதுக்கு எங்க தெரு அக்கா ஒருத்தங்க ஒரு குழுவோட போயிட்டு வந்தாங்க. அவங்க போன்ல இருந்த போட்டோவை எல்லாம் அம்மா உக்காந்து பார்த்துச்சு. நாங்க கிறிஸ்தவங்க இல்ல. ஆனா வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போகாத வீடு எங்க தெருவுல இல்ல. போட்டோவைப் பார்த்துட்டு அம்மா சொன்னது, "அம்புட்டுப் பெரிய தூணை எப்படி நிப்பாட்டிருப்பாய்ங்க பாப்பா?" அவ்வளவுதான். நான் முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல எப்பப் போறதுன்னு பார்ப்போம். யூடியூப்ல எல்லாரும் ஏப்ரல், மே, அக்டோபர்னு சொல்றாங்க. வெயில் கொல்லாது, சரிதான். ஆனா எங்க வீட்டு காலண்டர் வேற. பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் பெரியாறு பாசனத்துல இருபோகம். ஜூன்ல தண்ணி விட்டா, அக்டோபர் அறுப்பு நேரம். அதை விட்டுட்டு அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வராது. ரெண்டாம் போகம் அறுத்து முடிக்கிறப்ப பிப்ரவரி கடைசி ஆயிடும். அதனால மார்ச் முதல் பாதி. ரோம்ல அப்போ குளிர் கொஞ்சம் இருக்கும், ஸ்வெட்டர் போதும். டிக்கெட் விலையும் ஓட்டல் வாடகையும் ஏப்ரல் அளவுக்கு ஏறியிருக்காது. ஈஸ்டர் எப்ப வருதுன்னு மட்டும் பார்த்துக்குங்க. அந்த வாரம் ரோம்ல கால் வைக்க இடம் இருக்காது.

இப்ப விசா. இத்தாலிக்குத் தனி விசா கிடையாது, ஷெங்கன் விசாதான். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்தே போடலாம். குறைஞ்சது 15 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 2024 ஜூன்ல 80-ல இருந்து ஏத்தினாங்க. விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தா இதுல ஒரு பைசா திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதெல்லாம் எந்த வெப்சைட்லயும் கிடைக்கும்.

கிடைக்காத விஷயம் என்னன்னா, இந்த ஃபார்மும் அது கேட்கிற பேப்பரும் எல்லாம் மாசச் சம்பளம் வாங்குறவங்களை மனசுல வச்சு உருவாக்கினது. சம்பளச் சீட்டு, ஆபீஸ்ல இருந்து லீவு லெட்டர், வருமான வரித் தாக்கல். என்கிட்ட மூணும் இருக்கு, அம்மாகிட்ட ஒண்ணுகூட இல்ல. விசா மறுக்கிறப்ப ஒரு அச்சடிச்ச தாள் தருவாங்க. அதுல காரணங்கள் வரிசையா இருக்கும், பொருந்துறதுக்கு நேரா டிக். விசா முடியறதுக்குள்ள நீங்க திரும்பிப் போவீங்கங்கிறதுல நியாயமான சந்தேகம் இருக்குங்கிற மாதிரி ஒரு வரி உண்டு. என் ஃபிரெண்டோட அப்பாவுக்கு, வேற ஒரு நாட்டு விண்ணப்பத்துல, அந்த வரியிலதான் டிக் விழுந்துச்சு. அவரும் விவசாயிதான். அப்பாயின்ட்மென்டுக்கு நாலு நாள் முன்னாடி அவர் கணக்குல மூணு லட்சம் போட்டு வச்சிருந்தான். திடீர்னு வந்து உக்காந்த பணத்தைப் பார்த்தா யாருக்குமே சந்தேகம் வரத்தான் செய்யும்.

அம்மாகிட்ட இதை விளக்கினேன். "ரெண்டு மாட்டைக் கட்டிப் போட்டுட்டுப் போறேன். திரும்பி வராம நான் எங்கிட்டுப் போவேன்?"னு கேட்டுச்சு. இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் இல்ல. ஆனா ஃபார்ம்ல மாட்டுக்குக் கட்டம் இல்ல.

அப்போ எங்ககிட்ட என்னதான் இருக்குன்னு பார்த்தேன். அம்மா கணக்குல பால் பணம் வரவு வருது. சின்னச் சின்னத் தொகைதான், ஆனா விடாம வருது. ஆறு மாச ஸ்டேட்மென்ட் எடுத்தா வரிசையாத் தெரியும். திடீர் மூணு லட்சத்தைவிட இது எவ்வளவோ மேல். பயணச் செலவு மொத்தமும் என்னோடதுன்னு நான் ஒரு ஸ்பான்சர் லெட்டர் தரேன், கூடவே என் சம்பளச் சீட்டு, வரித் தாக்கல், நான் இவங்க பொண்ணுதான்னு காட்ட பிறப்புச் சான்றிதழ். அடுத்தது நிலம். ஊர்ல நிலம் இருக்குன்னா திரும்பி வர்றதுக்குக் காரணம் இருக்கு. பட்டாவைத் தேடி எடுத்தேன்.

பட்டா அப்பா பேர்ல இருந்துச்சு.

ஆறு வருஷமா அந்த வயல்ல நாத்து நடுறது, களை எடுக்குறது, அறுக்குறது எல்லாம் அம்மா. கடன் வாங்கினது, அடைச்சது அம்மா. பேப்பர்ல அந்த வயலுக்கும் அம்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. யாரும் ஏமாத்தல, சண்டையும் இல்ல. "நம்ம நெலந்தானே, என்ன அவசரம்"னு விட்டுட்டோம், அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல பல பேர் வீட்டுல இப்பவும் இதே கதைதான்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்.

அதனால ரோம் பயணத்துல முதல் வேலையா நான் புக் பண்ணினது ஃபிளைட் இல்ல. ரெண்டு நாள் லீவு போட்டு வாடிப்பட்டி தாலுகா ஆபீஸ் போனேன். அப்பாவோட இறப்புச் சான்றிதழை வச்சு வாரிசுச் சான்றிதழ் வாங்கணும். அதுல அம்மா, நான், தம்பி மூணு பேர். அதுக்கப்புறம் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம். வில்லங்கச் சான்றும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டேன். தம்பி கோயம்புத்தூர்ல இருந்து கையெழுத்துப் போட வந்தான். இப்ப மூணு பேர் பேர்லயும் கூட்டுப் பட்டா, முதல் பேர் அம்மாவுது. அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சாச்சு. விசா வருமா வராதான்னு இன்னும் தெரியாது. வரலைன்னாலும் இந்தப் பேப்பர் இருக்கும்.

இன்னொரு பயம் கைரேகை. விசா மையத்துல பத்து விரலும் வைக்கணும். 2025 அக்டோபர்ல இருந்து ஐரோப்பிய எல்லையில பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதுக்குப் பதிலா ரேகையும் முகமும் பதியிற முறையைக் கொண்டு வந்துட்டாங்க. ரேஷன் கடை மெஷின்லயே அம்மா விரல் நாலு தடவை வச்சாத்தான் எடுக்கும். மண்ணுலயும் தண்ணியிலயும் கிடந்து தேய்ஞ்ச விரல். ஒரு வாரம் முன்னாடியில இருந்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு மட்டும் பால் கறக்க சித்தி வரும்.

சரி, ரோம். நாலு ராத்திரி, முழுசா மூணு நாள். பத்து நாள்ல ஆறு நாடு காட்டுற பேக்கேஜ் ஏன் எடுக்கலைன்னு கேட்டீங்க. அதுல நாம ஐரோப்பாவைப் பார்க்குறதைவிட பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்போம். 58 வயசு முழங்காலுக்கு ஒரு ஊர் போதும். தங்குறது டெர்மினி ஸ்டேஷன் பக்கம். விமான நிலையத்துல இருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிஷத்துல நேரா அங்க கொண்டு வந்து விடும், ஆளுக்கு 14 யூரோ.

முதல் நாள் புனித பேதுரு பேராலயம். தூணைப் பார்க்கத்தானே போறோம். நுழைவு இலவசம், ஆனா பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். காலையில ஏழு மணிக்கே போயிடணும். புதன்கிழமை காலை வேணாம், போப் மக்களைச் சந்திக்கிற நேரம், கூட்டம் அள்ளும். தோளும் முட்டியும் மூடியிருக்கணும்னு விதி, சேலைக்கு இதுல கவலையே இல்ல. கோபுரத்து உச்சிக்கு 551 படி. லிஃப்ட்ல பாதி போனாலும் மீதி 300 படிக்கு மேல ஏறணும். அதை விட்டுட்டோம்.

ரெண்டாம் நாள்தான் நான் ரொம்ப ஆசையா எதிர்பார்க்கிற நாள். கொலோசியம் டிக்கெட் 18 யூரோ. 30 நாள் முன்னாடிதான் விற்பனைக்கு வரும், பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேர் கொடுக்கணும். நம்ம ஊர் இனிஷியல் விளையாட்டு எல்லாம் அங்க செல்லாது. அதே டிக்கெட்ல பக்கத்துல இருக்கிற ரோமன் ஃபோரத்துக்கும் போகலாம். எல்லாரும் கொலோசியத்துல மூணு மணி நேரம் நின்னுட்டு, ஃபோரத்தை அரை மணி நேரத்துல ஓடிக் கடப்பாங்க. நான் தலைகீழாப் பண்ணப் போறேன். அங்க மாக்ஸென்டியஸ் பசிலிக்கான்னு மூணு பிரம்மாண்டமான வளைவு நிக்கும். அது கட்டுறதுக்கு முன்னாடி அதே இடத்துல, டொமிஷியன் பேரரசர் காலத்துல, அதாவது முதல் நூற்றாண்டுக் கடைசியில, ஒரு கிடங்கு கட்டினாங்க. அதோட பேரே மிளகுக் கிடங்கு.

மிளகு எங்க இருந்து போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். முசிறி சேரர் துறைமுகம். நெல்கிண்டான்னு இன்னொரு மிளகுத் துறைமுகம் மேற்குக் கரையில இருந்துச்சு, அது பாண்டியனுக்குச் சேர்ந்ததுன்னு பெரிப்ளஸ் சொல்லுது. பிளினி இன்னும் ஒரு படி மேல போய், பாண்டியன் துறைமுகத்துல இருந்து ரொம்ப தூரத்துல உள்நாட்டுல 'மொதுரா'ங்கிற ஊர்ல இருக்கான்னு எழுதினார். நம்ம மதுரைதான். 408-ல ரோமை முற்றுகை போட்ட அலாரிக், விட்டுட்டுப் போறதுக்குத் தங்கம், வெள்ளி, பட்டோட 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். ஏறத்தாழ ஒரு டன். பதிலுக்கு அங்கிருந்து வந்த காசு வைகைப் படுகையிலயே கிடைச்சிருக்கு. மதுரையிலயும் கரூர்லயும் கிடைச்ச ரோமானியச் செப்புக் காசுகளைப் பத்தி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல ஒரு புத்தகமே போட்டிருக்கார்.

ஸ்ட்ராபோ ஒண்ணு சொல்றார்: அகஸ்டஸுக்கு இந்தியாவுல ஒரு ராஜாகிட்ட இருந்து தூதும் பரிசும் வந்துச்சு, அவர் பேர் பாண்டியன், சில பேர் போரஸ்னும் சொல்றாங்கன்னு. பாண்டியன்தான்னு வச்சுக்குவோம். அந்தத் தூதர்கள்கிட்ட யாரும் ஆறு மாச ஸ்டேட்மென்ட் கேட்டிருக்க மாட்டாங்க. (சிரிப்பு)

அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப, மூஞ்சியில பெரிய ஆச்சரியம் எல்லாம் இல்ல. "நம்ம சிறுமலை மிளகு அவ்வளவு தூரம் போயிருக்குமா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எந்த மலை மிளகுன்னு யாருக்குத் தெரியும்?

மூணாம் நாளுக்குத் திட்டமே இல்ல, வேணும்னேதான். முடிஞ்சா பாந்தியன் போவோம். டிக்கெட் 5 யூரோ. கூரை நடுவுல பெரிய வட்ட ஓட்டை, மழை பெஞ்சா தரையில விழும், முற்றம் வச்ச வீடு மாதிரி. கால் வலிச்சா எங்கயாவது உக்காந்துக்குவோம். ஆனா ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்ல உக்காராதீங்க, அபராதம் போடுவாங்க.

சாப்பாட்டைப் பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. கறிவேப்பிலை எடுத்துட்டுப் போகாதீங்க. பச்சைத் தாவரத்துக்குச் சான்றிதழ் வேணும். நெய், பால்கோவா, கருவாட்டுக் குழம்புக்குப் பதிலா எடுத்துட்டுப் போற உப்புக்கண்டம், எதுவும் கூடாது. பாலும் கறியும் தடை. வாழைப்பழமும் தேங்காயும் மட்டும் தாராளமா எடுத்துட்டுப் போகலாம், சாமி கும்பிடப் போற மாதிரி. பருப்புப் பொடி போதும். டெர்மினி பக்கத்துல எஸ்குலினோ மார்க்கெட்ல நம்ம ஊர்க் காய்கறி எல்லாம் கிடைக்கும். ஒரு வேளைக்கு மட்டும் காச்சோ எ பேபே வாங்கித் தருவேன். சேமியாவோட தடிச்ச அண்ணன் மாதிரி ஒரு பாஸ்தா, அதுல பாலாடைக்கட்டியும் மிளகும். ரோம்காரங்க சொந்தப் பதார்த்தம்னு சொல்லிக்குவாங்க.

செலவு: ஒரு யூரோ 100 ரூபாய்க்கு மேலயே வச்சுக் கணக்குப் போடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து நான் ஒதுக்கியிருக்கிறது ரெண்டரை லட்சம். விசா கையில வர்ற வரைக்கும் பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங் மட்டும்தான்.

விசா அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாசம். அம்மா முந்தின நாள் ராத்திரி மதுரையில இருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூர் வந்துடும். அதிகாரி ஏதாவது கேட்டா என்ன சொல்லணும்னு கேட்டுச்சு. உண்மையைச் சொல்லுங்கன்னேன். "அப்ப மாட்டைச் சொல்லவா?"

சொல்லச் சொல்லியிருக்கேன். என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி, அடுத்த வாரம், வேற ஒரு விஷயத்தோட பார்ப்போம்.