வாசலில் ஒரு நாயைக் கட்டும் முன்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பம் செய்கிறேன். ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நாய் வளர்ப்பதைப் பற்றி ஒரு மௌலவி பேசுவதற்கு என்ன இருக்கிறது, ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே எனச் சிலர் எண்ணலாம். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான், வாங்கிக் கொடுத்தால் என்ன என்று வேறு சிலர் எண்ணலாம். நமது மார்க்கத்தின் தீர்ப்பு இவ்விரண்டு பேச்சுகளிலும் அடங்குவதில்லை.

அல்லாஹ் தனது திருமறையில், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தரும் பிராணியை உண்ண அனுமதித்திருக்கிறான். குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும்போது, வாசலில் முன்கால்களை விரித்துக் கிடந்த அவர்களது நாயையும் சேர்த்தே நினைவுகூர்கிறான். மறுபுறம், கால்நடைக் காவல், வேட்டை, பயிர்ப் பாதுகாப்பு ஆகிய தேவைகளின்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைந்துவிடும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம்களான புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இரண்டு கீராத் என்ற அறிவிப்பும் உண்டு.

எனவே நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி: இது தேவையா, ஆசையா? வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்பவர் இரவில் காட்டுப்பன்றியிடமிருந்து வேளாண்மையைக் காக்க வேண்டியிருக்கிறது. மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் கன்றுகளைக் காக்க வேண்டியிருக்கிறது. இவர்களது தேவையை ஹதீஸே ஏற்றிருக்கிறது. வீட்டுக் காவலையும் இதனுடன் ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான கருத்து என ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். ஆனால் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துப் போடுவதற்காகவும், நண்பனிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்பதற்காகவும் வாங்குவது இந்த அனுமதிக்குள் வராது.

அதிலும், உயர்ந்த இனம் என்று சொல்லிப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் வழக்கம் நம் இளைஞரிடையே தலைகாட்டுகிறது. நாய் விற்ற கிரயத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஷாபிஈ மத்ஹபில் அந்த வியாபாரமே செல்லாது. உழைத்த பணத்தை எதில் போடுகிறோம் என்று இளைஞர்கள் ஒருகணம் சிந்திக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: வீட்டில் அதற்கு இடம் உண்டா? நாய் இருக்கும் வீட்டினுள் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸை நாம் அறிவோம். தொழும் அறையும் சமையலறையும் தூய்மையாக இருக்க வேண்டும். தேவைக்காக வளர்ப்பவரும் அதை வீட்டுக்கு வெளியே, வளவிலே, வெயிலும் மழையும் படாத ஓரிடத்தில் வைப்பதே பேணுதலாகும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் பல வீடுகளுக்கு வளவே இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இரவெல்லாம் குரைக்கும் நாய், நோயாளியான அயலவருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தொல்லையாகும். அயலவரின் உரிமையைப் பறித்துப் பெறும் காவலில் பரக்கத் இராது.

மூன்றாவது கேள்வி: அதன் ஆயுள் முழுவதும் பொறுப்பேற்க முடியுமா? நாய் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் பிராணி. இன்று குட்டியைக் கேட்டு அழும் பிள்ளை நாளை வெளியூருக்குப் படிக்கப் போவான். வாப்பா வெளிநாடு செல்வார். பின்பு உணவும் தண்ணீரும் வைப்பவர் யார்? பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண் நரகம் புகுந்த செய்தி, கட்டிவைக்கப்பட்ட எல்லா உயிர்களுக்கும் பொருந்தும்.

நேயர்களே! பெட்டைக் குட்டிகள் என்பதற்காகவே அவற்றைச் சாக்கில் கட்டி, இரவோடிரவாக வாவிக்கரையிலோ, சந்தையடியிலோ, அடுத்த ஊரின் எல்லையிலோ விட்டுவரும் வழக்கம் பெரும் பாவமாகும். பால்குடி மறவாத உயிரைப் பசியால் சாகவிடுவது ஒரு குற்றம். தப்பிப் பிழைப்பது தெருநாயாகி, நம்மைப் போலவே பிள்ளைகளை வளர்க்கும் அடுத்த ஊர்ச் சகோதரர்களின் பாதையில் நிற்பது மற்றொரு குற்றம். அவர்கள் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் நமது அயலவரே. குட்டிகள் பெருகாதிருக்க, வதையின்றிச் செய்யப்படும் கருத்தடையை இக்கால அறிஞர்கள் பலர் தேவை கருதி அனுமதித்துள்ளனர். கால்நடை வைத்தியரை நாடுங்கள்.

நான்காவதாக, தடுப்பூசி. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் இந்நாட்டில் 1901ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். தடுப்பூசிகளின் பயனாக அத்தொகை பின்னர் பன்மடங்கு குறைந்தது. ஆயினும் நோய் ஒழிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோய்க்குப் பலியாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றாதவர் தன் பிள்ளைக்கும் பிறர் பிள்ளைக்கும் அநீதி செய்கிறார்.

இனி, பெற்றோர்களே, நாய் வளர்க்காத வீட்டாரும் செவிமடுக்க வேண்டிய ஒரு விடயம். நம் பிள்ளைகளுக்கு நாய் நஜீஸ் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது சரியே. ஆனால் அச்சத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். மதரஸா விட்டு வரும் வழியில் ஒரு குட்டி பல் பதித்துவிட்டால், நாயைத் தொட்டாயா என்று வாப்பா அடிப்பாரே, உம்மா ஏசுவாரே என்று அஞ்சி, சிறுவன் கீறலைச் சட்டைக்குள் மறைத்துவிடக்கூடும். இந்நோய் பெரும்பாலும் கடித்த உடன் வெளிப்படுவதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்தே வெளிப்படும். வெளிப்பட்ட பின் பிழைப்பது மிக மிக அரிது. நாம் கற்றுக் கொடுத்த சுத்தம், பிள்ளையின் உயிரைப் பறிக்கும் மௌனமாக மாறிவிடக் கூடாது.

ஆகவே இன்றே பிள்ளைகளை அருகில் அழைத்துச் சொல்லுங்கள்: மகனே, மகளே, நாய் கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் நக்கினாலோ உடனே வந்து சொல், ஏசமாட்டோம். பின்பு காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். தாமதமின்றி அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசமாகவே ஏற்றப்படுகிறது. மந்திரித்து நூல் கட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். துஆவையும் கேளுங்கள், மருந்தையும் செய்யுங்கள்.

ஏழு தடவை கழுவி, அதில் ஒரு தடவை மண் கலக்க வேண்டுமே என்று சிலர் கேட்பர். அச்சட்டம் உண்மையானது. ஆனால் திறந்த காயத்தினுள் மண்ணைப் பூசச் சொல்லும் சட்டமல்ல அது. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. முதலில் சிகிச்சை, ஆறிய பின் சுத்தம் பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். இருபுறமும் ஈரமில்லாத நிலையில் நாய் ஆடையில் உராய்ந்து சென்றால் கழுவ வேண்டியதே இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாலிகீ மத்ஹபில் நாய் தூய்மையானதாகவே கருதப்படுகிறது என்பதை அறிந்தால், மாற்றுக் கருத்துடையோரை இழிவாக நோக்கமாட்டோம்.

நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம்; கல்லெறிவதற்கான அனுமதியல்ல. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததே. தேவையில்லாதவர் நாயை வாங்காதிருப்பது மார்க்கம். வாங்கியவர் கைவிடாதிருப்பது மார்க்கம். வாசலில் வந்து நிற்கும் வாயில்லா உயிருக்கு ஒரு சிரட்டை நீர் வைப்பதும் மார்க்கமே.

நமது வீடுகளைத் தூய்மையானவையாகவும், நமது உள்ளங்களை இரக்கமுள்ளவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! நம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.