97-க்கும் 99-க்கும் நடுவுல என்ன இருக்கு?

போன எபிசோட்ல பேட்டரி பத்திப் பேசினோம். அதுக்கு வந்த ஒரு கேள்வி: "மின்சார வண்டியில பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிற கன்வெர்ட்டர் ஏற்கனவே 97 சதவீதம் எஃபிஷியன்ட்னா, அதுல இன்னும் மெனக்கெட என்ன இருக்கு?" காலேஜ்ல நானும் இப்படித்தான் நினைச்சேன். (பவர் எலக்ட்ரானிக்ஸ்ல எனக்கு அரியர். அது தனிக்கதை.)

97-ஐ விட்டுட்டு மீதி 3-ஐப் பாருங்க. அது அப்படியே சூடா போகுது. 99 ஆக்கினா மீதி 1 தான். அதாவது சூடு மூணுல ஒரு பங்காயிடுது. அந்தச் சூட்டை வெளியேத்துற பம்ப், பைப், ரேடியேட்டர் எல்லாத்தையும் சின்னதாக்கலாம்.

2003-ல வந்த டொயோட்டா ப்ரியஸ் ஹைப்ரிட்டை எடுத்துக்கோங்க. பேட்டரி சுமார் 200 வோல்ட். மோட்டாருக்குப் போறது 500 வோல்ட் வரை. ஏன் ஏத்தணும்? 20 கிலோவாட்டை 200 வோல்ட்ல அனுப்ப 100 ஆம்ப் வேணும். 500 வோல்ட்ல 40 ஆம்ப் போதும். ஒயர்ல வர்ற இழப்பு கரன்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கா குறையும். ஆனா வோல்டேஜை ஏத்துற வேலையும் கொஞ்சம் சாப்பிடும். அதனால எப்பவும் 500-க்கு ஏத்தாம, தேவைக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்குறாங்க. சாஃப்ட்வேர்காரனான எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி, மீதி இழப்பு எங்கே? கன்வெர்ட்டர்ங்கிறது ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகுற சுவிட்ச்தான். அந்த மாறுற நொடித்துளியில வோல்டேஜும் கரன்ட்டும் சேர்ந்தே இருக்கும், அங்கே சூடு. ஆன்ல இருக்கும்போதும் சிலிக்கான் ஐஜிபிடியில குறைஞ்சபட்சமா கொஞ்சம் வோல்டேஜ் விழும், கரன்ட் எவ்வளவு கம்மியா இருந்தாலும்.

சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்ல அந்தக் குறைஞ்சபட்சக் கட்டணம் கிடையாது. கரன்ட் கம்மின்னா இழப்பும் கம்மி. சுவிட்சிங்கும் வேகம். நாம பெரும்பாலும் ஓட்டுறது சிக்னலுக்கு சிக்னல், லேசான லோட்ல. அதனால லாபம் முக்கியமா அங்கேதான் வருது. பிரோஷர்ல போடுற உச்ச சதவீதத்தைப் பார்த்தா இது தெரியவே தெரியாது.

2014-ல டொயோட்டா சொன்ன கணக்கு: ஹைப்ரிட்ல மொத்த மின் இழப்புல சுமார் 25 சதவீதம் பவர் கன்ட்ரோல் யூனிட்ல, மொத்தத்துல 20 சதவீதம் செமிகண்டக்டர்ல மட்டும். சிலிக்கான் கார்பைடு போட்டு ஓட்டிப் பார்த்ததுல எரிபொருள் சிக்கனம் 5 சதவீதத்துக்கு மேல கூடுச்சு.

அப்போ எல்லா வண்டியிலயும் போட வேண்டியதுதானே? விலைதான் சிக்கல். சாணைக்கல்லு செய்யிற அதே பொருள்தாங்க இது. 2000 டிகிரிக்கு மேல வெச்சு மெதுவா கிரிஸ்டல் வளர்க்கணும், கல்லு மாதிரி இருக்கிறதை அறுக்கணும். பெரிய பேட்டரி வண்டியில மிச்சமாகுற செல்லோட விலை இந்தச் செலவை ஈடு கட்டிடும். சின்ன வண்டியில அவ்வளவு சுலபமா கட்டாது. மாடல் 3-ல இதை முழுசா நம்பி இறங்கின டெஸ்லாவே, அடுத்த பவர்ட்ரெய்ன்ல சிலிக்கான் கார்பைடை 75 சதவீதம் குறைக்கப் போறதா 2023 மார்ச்ல சொல்லுச்சு.

எங்கே சிலிக்கான் போதும், எங்கே கார்பைடு வேணும்னு பிரிக்கிற வேலைதான் இப்போ நடக்குது. அடுத்த எபிசோட்ல சார்ஜர் பக்கம் போவோம். கேள்வி இருந்தா அனுப்புங்க.