மேசைக் காலில் ஒரு சுண்டெலி

இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் கில்பர்ன் என்று ஒரு கிராமம். அங்கே ராபர்ட் தாம்சன் என்றொரு தச்சர் இருந்தார். ஓக் மரத்தில் மேசை, நாற்காலி செய்வார். கையெழுத்துக்குப் பதிலாக, காலில் ஏறுகிற மாதிரி ஒரு சுண்டெலியைச் செதுக்கிவிடுவார். நீண்ட வாலோடு, அத்தனை அழகு! ஆரம்ப கால எலிகளுக்கு முன்னங்கால்கள் உண்டு. எளிதில் உடைகிறதென்று பிறகு விட்டுவிட்டார். தேதி இல்லாத மேசைக்கு இன்று அந்த முன்னங்கால்தான் வயது சொல்கிறது. 1955-இல் தாம்சன் மறைந்தார். பட்டறையில் எலி இன்றும் பிறக்கிறது.

நீங்கள் ஒரு முக்காலி செய்தாலும் அடிப்பக்கம் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். பென்சிலே போதும்; பேனா மை போல அது வெளுக்காது.