‘நேத்தே அனுப்பிட்டேன்’: இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

உங்ககிட்டேர்ந்து வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்துல வந்து நிக்குது: ‘ஹேவ்’ எப்போ போடணும், எப்போ போடக் கூடாது? இன்னிக்கு அதுல மூணு கேள்வி பாக்கலாம்.

முதல் கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கார்: “மேடம், இன்டர்வியூல அனுபவத்தைக் கேட்டாங்க. ‘ஐ ஹேவ் வொர்க்டு இன் எ கார்மென்ட் கம்பெனி ஃபார் த்ரீ இயர்ஸ்’னு சொன்னேன். உடனே ‘நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?’ன்னு கேட்டாங்க. நான் வேலையை விட்டே ஆறு மாசம் ஆச்சுன்னேன். ஏதோ மறைக்கிற மாதிரி என்னைப் பாத்தாங்க. எங்க தப்பு பண்ணினேன்?”

தம்பி, நீங்க பொய் சொல்லலை. ஆனா ‘ஹேவ் வொர்க்டு ஃபார் த்ரீ இயர்ஸ்’னு சொன்னா, கேக்கிறவருக்குப் பெரும்பாலும் நீங்க இன்னமும் அங்கேதான் இருக்கீங்கன்னு படும். ‘ஹேவ்’ பழைய விஷயத்தை இன்னைக்கோட முடிச்சுப் போடுற சொல். வேலையை விட்டாச்சுன்னா முடிச்சு அவிழ்ந்தாச்சு. அப்போ ‘ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ போதும். ‘ஹேவ்’ போட்டா மரியாதை கூடும், போடலைன்னா மொட்டையா இருக்கும்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். அப்படி ஒண்ணும் இல்லை.

இரண்டாவது கேள்வி, ஆபீஸ்ல வேலை பார்க்கும் ஒரு அக்கா கேட்டது: “‘ஐ ஹேவ் சென்ட் த மெயில் எஸ்டர்டே’ தப்புன்னு மேனேஜர் திருத்தினார். ஏன் தப்புன்னு சொல்லலை.”

காரணம் நம்ம தமிழ்லதான் இருக்கு. நாம ‘நேத்து அனுப்பினேன்’னும் சொல்வோம், ‘நேத்தே அனுப்பிட்டேன்’னும் சொல்வோம். ரெண்டும் சரி. அந்த ‘அனுப்பிட்டேன்’ இருக்கே, ‘அனுப்பிவிட்டேன்’, அதுக்கு நம்ம மனசு ‘ஹேவ் சென்ட்’னு ஒரு ஜோடி போட்டு வெச்சிருக்கு. ஆனா தமிழ்ல ‘நேத்து’ பக்கத்துல ‘விட்டேன்’ உக்காரும். இங்கிலீஷ்ல ‘எஸ்டர்டே’ பக்கத்துல ‘ஹேவ்’ உக்காராது. முடிஞ்சுபோன நேரத்தை, அதாவது நேத்து, போன வாரம், 2019-ல, பத்து நிமிஷம் முன்னாடின்னு சொல்லிட்டா ‘ஹேவ்’ கிடையாது. ‘ஐ சென்ட் த மெயில் எஸ்டர்டே.’ எப்போன்னு சொல்லாம, வேலை முடிஞ்சதுன்னு மட்டும் சொல்லணும்னா ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில்’.

கேள்வி கேக்கும்போதும் இதேதான். ‘எப்போ’ன்னு ஆரம்பிச்சா நீங்க நேரத்தைக் கேக்குறீங்க. அதனால ‘வென் ஹேவ் யூ சென்ட்’ இல்லை, ‘வென் டிட் யூ சென்ட்’. இங்க இன்னொண்ணு கவனிங்க. ‘டிட்’ வந்தாச்சுன்னா அதுவே இறந்தகாலத்தைச் சுமந்துக்கும், பின்னாடி வர்ற வினைக்கு அந்த வேலை இல்லை. ‘டிட் நாட் வென்ட்’ கூடாது, ‘டிட் நாட் கோ’. தமிழ்லயும் ‘போனேன் இல்லை’ன்னா சொல்றோம்? ‘போகலை’ன்னுதானே சொல்றோம்.

மூன்றாவது கேள்வி: ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பம். இதுக்குத் தமிழே வழி காட்டும். ‘மூணு வருஷமா’, ‘ரெண்டு நாளா’ன்னு அளவு வந்தா ‘ஃபார்’. ‘2021-லேர்ந்து’, ‘காலையிலேர்ந்து’ன்னு தொடங்கின நேரம் வந்து, அது இப்ப வரைக்கும் நீடிச்சா ‘சின்ஸ்’. ‘நாளையிலேர்ந்து லீவு’ மட்டும் விலக்கு. அது இன்னும் தொடங்கவே இல்லை, அதனால ‘ஃப்ரம் டுமாரோ’.

ஆனா வினைச்சொல்லுக்குத் தமிழை நம்பினா மாட்டிக்குவோம். ‘2021-லேர்ந்து இங்க வேலை பாக்குறேன்’ தமிழ்ல நிகழ்காலம். அதை அப்படியே மாத்தி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’னு சொல்லிடறோம். சரியான வாக்கியம், ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’. அன்னிக்குத் தொடங்கினது இன்னிக்கும் நடக்குது. முடிச்சு அவிழலை, அதனால ‘ஹேவ்’ வேணும்.

அந்தத் தம்பிக்கு இப்போ மூணு வாக்கியம். வேலையை விட்டிருந்தா ‘ஐ வொர்க்டு’. இன்னும் அங்கேயே இருந்தா ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’. விட்ட தேதியைக் கேட்டா ‘ஐ லெஃப்ட் சிக்ஸ் மன்த்ஸ் அகோ’. அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னாடி வாய்விட்டுப் பத்து தடவை சொல்லிப் பாருங்க.

மத்தவங்களுக்கு வீட்டுப்பாடம்: ‘நான் போன வாரம் சென்னை போயிட்டு வந்துட்டேன்.’ இதுல ‘ஹேவ்’ வருமா, வராதா? ஏன்னு காரணத்தோட எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.