ஒற்றைத் தலைவலியும் சீன ஊசி வைத்தியமும்



ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கே ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது. அந்த வலியோடு பிரட்டுக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். நானும் முன்பு சொன்னவன்தான்.

வலி வராமல் தடுக்கச் சீன வைத்தியத்தில் மெல்லிய ஊசிகளைக் குறித்த இடங்களில் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார்கள். மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை, பயப்படாதீங்க. நம் நாட்டிலும் டாக்டர் அன்டன் ஜயசூரிய களுபோவில ஆஸ்பத்திரியில் இதைச் செய்தவர். 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி வைத்த 100 பேரில் 41 பேருக்கு வலி வருவது பாதியாகக் குறைந்தது. வைக்காதவர்களில் 17 பேருக்குத்தான். பொய்யாகக் குத்தியவர்களுக்கும் ஓரளவு குறைந்ததாம், அதையும் மறைக்கக்கூடாது.

ஊசிக்குப் பயந்தால் 'தாய் சீ' இருக்கு. மூச்சைக் கவனித்து, கை கால்களை மெதுவாக அசைக்கிற பயிற்சி. ஹொங்கொங்கில் 12 வாரம் பழகிய பெண்களுக்கு வலி வருவது குறைந்ததாக 2022இல் எழுதியிருந்தார்கள்.

பனடோலை மாதத்தில் 15 நாள், அதற்கு மேலும் என்று போட்டுவந்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். திடீரென்று என்றுமில்லாத வலி, வாய் கோணல் என்றால் ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்றிலிருந்து வலி வந்த நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி வைங்க. டாக்டரிடம் போகும்போது அதையும் கையோடு கொண்டு போங்க.